எர்லி சுற்றில் ஒத்திவைப்பு வந்தால்: டிசம்பர் முதல் மே வரை செய்ய வேண்டியவை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நவம்பர் தொடக்கத்திலேயே, அதாவது எர்லி சுற்றில், விண்ணப்பித்துவிட்ட மாணவர்களுக்குப் பெரும்பாலும் டிசம்பர் நடுவில் முடிவு வருகிறது. கிழக்குக் கரையில் மாலை ஏழு மணிக்கு, முடிவைக் காட்டும் கல்லூரி இணையப் பக்கமான போர்ட்டல் திறக்கிறது என்றால், சென்னையிலோ கோவையிலோ இருந்து விண்ணப்பித்த பிள்ளைக்கு அது மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணி. திரையில் வாழ்த்தும் இல்லை, மறுப்பும் இல்லை. உங்கள் விண்ணப்பத்தை ஜனவரியில் விண்ணப்பிப்போருக்கான பொதுச்சுற்றில் மீண்டும் பரிசீலிக்கிறோம் என்று சொல்லும் ஒரு கடிதம் மட்டும் இருக்கிறது. இதுதான் ஒத்திவைப்பு. அந்தக் கடிதத்துக்குப் பிறகு என்னென்ன செய்ய வேண்டும், எதை எப்போது செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் விட வேண்டும் என்பதை நடக்கும் வரிசையிலேயே இங்கே விளக்குகிறேன்.

தொடக்கத்திலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒத்திவைத்த கல்லூரிக்கு எழுதப்போகும் கடிதத்தைப் பற்றியே பெரும்பாலான குடும்பங்கள் இரவு பகலாகக் கவலைப்படுகின்றன. ஆனால், அந்தப் பிள்ளை அடுத்த கல்வியாண்டில் எங்கே படிக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை, அடுத்த இரண்டு வாரங்களில் மற்றக் கல்லூரிகளுக்கு அனுப்பும் விண்ணப்பங்களும் ஜனவரியில் பள்ளி அனுப்பும் மதிப்பெண்களும்தான். நேரத்தையும் மனத்தெம்பையும் அந்த அளவிலேயே பங்கிட வேண்டும்.

படி 1: வந்திருக்கும் பதில் என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுதல்

ஒத்திவைப்பும் காத்திருப்போர் பட்டியலும் ஒன்றல்ல. காத்திருப்போர் பட்டியல் மார்ச் மாதத்தில் வருவது. இடங்கள் வழங்கி முடிந்த பிறகு யாராவது விலகினால்தான் அதில் அசைவு இருக்கும். ஒத்திவைக்கப்பட்ட விண்ணப்பமோ, ஜனவரியில் விண்ணப்பிக்கும் மற்றவர்களின் விண்ணப்பங்களோடு சேர்த்து இன்னொரு முறை முழுமையாகப் பரிசீலிக்கப்படுகிறது. அனுமதி பெற்ற மாணவர் சேர்க்கையை ஓர் ஆண்டு தள்ளிப்போடுவது முற்றிலும் வேறு விஷயம். இணையத்தில் தேடும்போது இந்த மூன்றைப் பற்றிய தகவல்களும் கலந்தே வருகின்றன என்பதால், படிப்பது எதைப் பற்றியது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகள் ஏன் ஒத்திவைக்கின்றன என்பதற்கு ஒரே காரணம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பருவ மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க நினைக்கலாம். நவம்பரில் வந்தவர்களை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் முழு ஆண்டின் விண்ணப்பதாரர்களோடு ஒப்பிட விரும்பலாம். கணினி அறிவியல் போன்ற கூட்டம் மிகுந்த துறைக்கு டிசம்பரிலேயே அதிக இடங்களைக் கொடுத்துவிட வேண்டாம் என்று எண்ணலாம். கல்லூரிக்குக் கல்லூரி வழக்கமும் வேறுபடுகிறது. எம்.ஐ.டி. தன் எர்லி ஆக்‌ஷன் (இடம் கிடைத்தாலும் சேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லாத எர்லி சுற்று) விண்ணப்பதாரர்களுள் பாதிக்கும் மேற்பட்டோரை ஒத்திவைப்பது அண்மை ஆண்டுகளில் வழக்கமாக இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் மிகச் சிலரையே ஒத்திவைத்து, பெரும்பாலோருக்கு டிசம்பரிலேயே இறுதி முடிவைச் சொல்லிவிடுகிறது. ஜார்ஜ்டவுன் தன் எர்லி ஆக்‌ஷன் சுற்றில் அனுமதி தராதவர்களை மறுக்காமல் வசந்தகாலப் பரிசீலனைக்கு அனுப்பும் கொள்கையைக் கடைப்பிடித்து வந்திருக்கிறது. ஆகவே ஸ்டான்ஃபோர்டின் ஒத்திவைப்பும் ஜார்ஜ்டவுனின் ஒத்திவைப்பும் ஒரே எடை கொண்டவை அல்ல. உங்கள் கல்லூரி எத்தனை பேரை ஒத்திவைக்கிறது, அவர்களுள் எத்தனை பேரைப் பின்னர் சேர்க்கிறது என்பதை அதன் சேர்க்கை அலுவலகமோ மாணவர் செய்தித்தாளோ வெளியிட்டிருந்தால் அதைப் படித்துவிட்டு எதிர்பார்ப்பை அமைத்துக்கொள்ளுங்கள். கடும் போட்டி உள்ள கல்லூரிகளில் ஒத்திவைக்கப்பட்டோருள் சிறு பகுதியினருக்கே பின்னர் இடம் கிடைக்கிறது. நம்பிக்கையை விட வேண்டியதில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது.

இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய எர்லி டிசிஷன் சுற்றில் விண்ணப்பித்திருந்தவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். மாணவரும் பெற்றோரும் பள்ளிக் கவுன்சிலரும் கையெழுத்திட்ட அந்தக் கட்டாய ஒப்பந்தம் ஒத்திவைப்போடு முடிந்துவிடுகிறது. மார்ச்சில் அதே கல்லூரி அனுமதி தந்தாலும் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கடப்பாடு இல்லை. மற்றக் கல்லூரிகள் தரும் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை குடும்பத்துக்குத் திரும்பக் கிடைக்கிறது. கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படும் வீட்டுக்கு இது சிறிய ஆதாயம் அல்ல.

படி 2: முதல் இரண்டு நாட்கள்

முடிவு வந்த இரவில் எந்த மின்னஞ்சலும் அனுப்ப வேண்டாம். கல்லூரிக்கு அழைத்துக் காரணம் கேட்கவும் வேண்டாம். தனிப்பட்ட காரணத்தைச் சேர்க்கை அலுவலகங்கள் பொதுவாகச் சொல்வதில்லை, அதிலும் பெற்றோர் கேட்டால் சொல்வதே இல்லை. பிள்ளை அழட்டும், அறையைச் சாத்திக்கொள்ளட்டும், நண்பர்களோடு வெளியே போகட்டும். பதினேழு வயதில் இத்தனை மாத உழைப்புக்குப் பதில் கிடைக்காமல் போவது உண்மையான இழப்பு. அதைப் 'பரவாயில்லை, இதெல்லாம் ஒரு விஷயமா' என்று உடனே மூடிவிடுவது ஆறுதல் ஆகாது.

அதே பள்ளியில் அதே கல்லூரிக்கு இடம் கிடைத்த பிள்ளை இருக்கக்கூடும். அந்த வாரம் சமூக ஊடகம் முழுவதும் அவர்களுடைய படங்களாகவே இருக்கும். சில நாட்களுக்கு அவற்றிலிருந்து விலகியிருப்பது நல்லது என்று பிள்ளையிடம் சொல்லலாம், கட்டாயப்படுத்த வேண்டாம். வாட்ஸாப் குழுவில் அத்தையும் சித்தப்பாவும் விசாரித்தால், 'மார்ச்சில்தான் முடிவு தெரியும்' என்ற ஒரு வரியைப் பெற்றோரே பதிலாகச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லும் சுமை பிள்ளையின் மேல் விழக்கூடாது. யாரோடு ஒப்பிட்டும் அந்த நாட்களில் ஒரு வார்த்தை வரக்கூடாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் சில நாட்களில் மீண்டுவிடுகிறார்கள். தூக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற தொனியில் பேச்சு வந்தாலோ, விண்ணப்பங்களை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே உதவி தேட வேண்டும். அமெரிக்காவில் 988 என்ற எண்ணையும், இந்தியாவில் டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணையும் எந்நேரமும் அழைக்கலாம்.

படி 3: கடிதத்தை வரி வரியாகப் படித்தல்

மூன்றாம் நாள், கல்லூரியின் கடிதத்தையும் அதோடு இணைத்திருக்கும் கேள்வி-பதில் பக்கத்தையும் மாணவரே நிதானமாகப் படிக்க வேண்டும். அதில் நான்கு செய்திகளைத் தேடுங்கள். பரிசீலனையில் தொடர விருப்பம் தெரிவிக்க ஏதேனும் படிவம் நிரப்ப வேண்டுமா, அல்லது விண்ணப்பம் தானாகவே தொடர்கிறதா? புதிய தகவல்களை எந்த வழியில், எந்தத் தேதிக்குள் ஏற்கிறார்கள்? இடைப்பருவ மதிப்பெண் அறிக்கையைப் பள்ளி எப்போது அனுப்ப வேண்டும்? எவற்றை அனுப்ப வேண்டாம் என்று சொல்கிறார்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். எம்.ஐ.டி. தன் விண்ணப்பதாரர்களிடம் பிப்ரவரியில் நிரப்ப வேண்டிய ஒரு படிவத்தின் வழியாகவே மதிப்பெண்களையும் புதிய செய்திகளையும் கேட்கிறது. அதற்குத் தனிக் கடிதம் தேவையே இல்லை. வேறு சில கல்லூரிகள் போர்ட்டலில் பதிவேற்றும் வசதி தருகின்றன. சில, கூடுதலாக எதையும் அனுப்ப வேண்டாம் என்றே வெளிப்படையாகச் சொல்கின்றன. வேண்டாம் என்று சொன்ன பிறகும் அனுப்புவது ஆர்வத்தைக் காட்டாது. எழுதியிருப்பதைப் படிக்கவில்லை என்பதைத்தான் காட்டும்.

படி 4: மற்ற விண்ணப்பங்கள்

நாட்காட்டியை எடுத்து வையுங்கள். டிசம்பர் நடுவில் முடிவு வருகிறது. பெரும்பாலான தனியார் பல்கலைக்கழகங்களின் பொதுச்சுற்றுக் கெடு ஜனவரி 1 முதல் 5 வரை. இடையே கிறிஸ்துமஸ் விடுமுறையில் பள்ளி மூடிவிடும். கவுன்சிலரும் ஆசிரியர்களும் மின்னஞ்சல் பார்க்காமல் இருக்கக்கூடும். எனவே புதிதாகச் சேர்க்கப்போகும் கல்லூரிகளின் பட்டியலைப் பள்ளி மூடுவதற்கு முன்பே கவுன்சிலரிடம் கொடுத்துவிட வேண்டும். பள்ளி மதிப்பெண் பதிவான டிரான்ஸ்கிரிப்டையும் பரிந்துரைக் கடிதங்களையும் அனுப்ப வேண்டியவர்கள் அவர்கள்.

சில கதவுகள் ஏற்கெனவே மூடியிருக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட வளாகங்களுக்கு நவம்பர் இறுதியோடு காலம் முடிந்துவிடுகிறது. அங்கே எர்லி சுற்று என்பதே கிடையாது என்பதால், டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு வாய்ப்பு இல்லை. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டிசம்பர் தொடக்கத்தில் கெடு வைக்கிறது. ஆனால் ஜனவரி நடுப்பகுதி வரை ஏற்கும் பர்டூ, விஸ்கான்சின்-மேடிசன் போன்ற பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பிட்ஸ்பர்க், அரிசோனா ஸ்டேட் போன்றவை வரும் விண்ணப்பங்களைத் தொடர்ந்து பரிசீலித்துச் சில வாரங்களிலேயே பதில் சொல்கின்றன. நவம்பரில் விண்ணப்பித்தவர்களையே முதலில் கருதும் துறைகளும் உண்டு என்பதால், பல்கலைக்கழகத்தின் கெடுவோடு துறையின் கெடுவையும் பாருங்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகம், வர்ஜீனியா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் எர்லி ஆக்‌ஷன் முடிவுகள் டிசம்பரில் வருவதில்லை. ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும்தான் வருகின்றன. அங்கிருந்து ஒத்திவைப்பு வரும் நேரத்தில் மற்றக் கல்லூரிகளின் கெடு முடிந்திருக்கும். இவற்றை நம்பியிருப்பவர்கள், முடிவுக்குக் காத்திராமல், ஒத்திவைப்பு வரும் என்று வைத்துக்கொண்டே ஜனவரி விண்ணப்பங்களை அனுப்பிவிட வேண்டும்.

பட்டியலை நேர்மையாகப் பார்ப்பது இந்தப் படியின் கடினமான பகுதி. எர்லி சுற்றில் ஒரு பெரிய பெயருக்கு விண்ணப்பித்த பிள்ளையின் பொதுச்சுற்றுப் பட்டியலில் பெரும்பாலும் அதே தரத்துப் பெயர்கள் பத்து இருக்கும். பத்தில் ஒருவருக்குக்கூட இடம் தராத கல்லூரிகளை எத்தனை சேர்த்தாலும் பாதுகாப்பு கூடுவதில்லை. அங்கெல்லாம் பெரும்பாலும் ஒரே வகையான அளவுகோல்களை வைத்தே பார்க்கிறார்கள். இடம் ஏறத்தாழ உறுதி என்று சொல்லக்கூடிய, கட்டணம் குடும்பத்துக்கு இயலக்கூடிய, பிள்ளை உண்மையிலேயே மகிழ்ச்சியோடு போகக்கூடிய இரண்டு கல்லூரிகளாவது பட்டியலில் இருக்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் அது பாதுகாப்பான தேர்வு ஆகாது. வசிக்கும் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தைக் கௌரவக் குறைவாக நினைத்து விட்டுவிடும் வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். அது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் பொறியியலிலும் கணினியிலும் இல்லினாய், பர்டூ, ஜார்ஜியா டெக் போன்ற அரசு நிறுவனங்களுக்கு இணையான தனியார் கல்லூரிகள் அதிகம் இல்லை.

கட்டுரைகளையும் இந்த நேரத்தில் ஒரு முறை புதுக் கண்ணோடு படிக்க வேண்டும். ஒத்திவைப்புக்குக் கட்டுரைதான் காரணம் என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் கிழித்துப்போட வேண்டாம். பிள்ளையை நன்கு அறிந்த, ஆனால் இதுவரை அந்தக் கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம், ஓர் ஆங்கில ஆசிரியரிடமோ அண்ணனிடமோ, கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்தபின், 'இதிலிருந்து இவளைப் பற்றி என்ன தெரிந்தது?' என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். 'கடின உழைப்பாளி' என்ற பதில் வந்தால் கட்டுரையில் இன்னும் வேலை இருக்கிறது. 'கணக்குப் போடும்போது தப்பான விடையைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது' என்பது போன்ற பதில் வந்தால் அந்தக் கட்டுரையைத் தொடாதீர்கள்.

படி 5: எர்லி டிசிஷன் 2 வேண்டுமா என்று முடிவெடுத்தல்

சிகாகோ, வாண்டர்பில்ட், எமரி, டஃப்ட்ஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், நியூயார்க் பல்கலைக்கழகம், செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகியவை ஜனவரியில் இரண்டாவது எர்லி டிசிஷன் சுற்று நடத்தி, பிப்ரவரி நடுவில் முடிவு சொல்லி வந்திருக்கின்றன. ஐவி லீக் கல்லூரிகளில் (ஹார்வர்ட், யேல் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்கள்) இது கிடையாது. ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் போன்றவற்றின், வேறு தனியார் கல்லூரிகளின் எர்லி சுற்றுகளுக்கு விண்ணப்பிக்கத் தடை விதிக்கும் கட்டுப்பாடுள்ள எர்லி சுற்றில் ஒத்திவைக்கப்பட்டவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். டிசம்பர் முடிவோடு அந்தத் தடை நீங்கிவிடுகிறது.

இதுவும் கட்டாய ஒப்பந்தமே. பிப்ரவரியில் இடம் கிடைத்தால், ஒத்திவைத்த கல்லூரி உட்பட மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெற வேண்டும். மார்ச்சில் அந்த முதல் கல்லூரி என்ன சொல்லியிருக்கும் என்பது ஒருபோதும் தெரியாது. ஆகவே பிள்ளையிடம் கேட்க வேண்டியது இதுதான்: முதல் கல்லூரி மார்ச்சில் மறுத்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கல்லூரிதான் வேண்டுமா? ஆம் என்ற பதில் தயங்காமல் வந்து, கல்லூரியின் இணையதளத்தில் உள்ள கட்டணக் கணிப்பான் காட்டும் தொகையும் இயலக்கூடியதாக இருந்தால், விண்ணப்பிப்பது நல்ல முடிவு. டிசம்பர் ஏமாற்றத்தை எப்படியாவது சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் செய்யக்கூடாது.

படி 6: பணத்தின் கணக்கு

ஜனவரி விண்ணப்பங்களுக்குச் செலவு இருக்கிறது. பல தனியார் கல்லூரிகள் ஒரு விண்ணப்பத்துக்கு 75 முதல் 100 டாலர் வரை வாங்குகின்றன. வருமானம் குறைந்த குடும்பங்கள், பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் வழியாகவே கட்டண விலக்குக் கேட்கலாம். உதவித்தொகை வேண்டும் என்றால், நவம்பரில் ஒரு கல்லூரிக்கு மட்டும் அனுப்பிய, குடும்ப நிதிநிலையைக் காட்டும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவத்தில் புதிய கல்லூரிகளையும் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

எச்-1பி விசாவில் வேலை செய்யும் குடும்பங்களில் எச்-4 என்ற சார்ந்தோர் விசாவில் இருக்கும் பிள்ளைகள் இங்கே தனியாகக் கவனிக்க வேண்டும். சிறு வயது முதல் டல்லஸிலோ எடிசனிலோ படித்திருந்தாலும், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கு ஃபாஃப்சா என்ற உதவி விண்ணப்பத்தின் வழியாக வரும் மத்திய அரசு உதவி கிடையாது. பெரும்பாலான தனியார் கல்லூரிகள் உதவித்தொகை விஷயத்தில் அவர்களை வெளிநாட்டு மாணவர்களாகவே கருதுகின்றன. உதவி கேட்பதைச் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுத்துக்கொள்ளாத கொள்கையை வெளிநாட்டு மாணவர்களுக்கும் நீட்டித்திருக்கும் கல்லூரிகள் சிலவே: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், பௌடின், பிரவுன் ஆகியவை அவற்றுள் அடங்கும். மற்ற இடங்களில் உதவி கேட்பது முடிவைப் பாதிக்கலாம். இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

படி 7: இடைப்பருவ மதிப்பெண்கள்

ஒத்திவைக்கப்பட்ட விண்ணப்பத்தில் நிச்சயமாகப் புதிதாகச் சேரும் ஒரே ஆவணம் பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பருவ மதிப்பெண் அறிக்கை. அதைப் பள்ளிக் கவுன்சிலர் ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் அனுப்புகிறார். கல்லூரி காத்திருப்பதும் பெரும்பாலும் இதற்காகத்தான். டிசம்பர் ஏமாற்றத்தில் கால்குலஸையும் இயற்பியலையும் கைவிட்டுவிட்டு, எவ்வளவு உருக்கமான கடிதம் எழுதினாலும் பயனில்லை. ஒன்பதாம் வகுப்பில் சற்றுத் தடுமாறி அதன்பின் மேலேறி வந்த பிள்ளைக்கு இந்த அறிக்கை மிகுந்த பலம் தரும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களோ, ஜனவரியில் நடக்கும் முன்மாதிரிப் பொதுத்தேர்வு மதிப்பெண்களோ இந்த அறிக்கையில் இடம்பெறும். கவுன்சிலர் என்று தனியாக ஒருவர் இல்லாத பள்ளியில் முதல்வரோ பொறுப்பாசிரியரோதான் அனுப்ப வேண்டியிருக்கும். அவர்களுக்கு இந்த வழக்கம் புதிதாக இருக்கலாம். எந்தப் படிவம், எந்தத் தேதி, எந்த இணைப்பு என்பதை ஒரே தாளில் எழுதி ஜனவரி முதல் வாரத்திலேயே மரியாதையோடு நேரில் கொடுத்துவிட்டு, அனுப்பிவிட்டார்களா என்பதைப் போர்ட்டலில் மாணவரே சரிபார்க்க வேண்டும். நம் பள்ளிகளில் அரையாண்டு வினாத்தாளைக் கடினமாக வைத்து மதிப்பெண்ணை இறுக்கிப் போடுவது உண்டு; அப்படியானால் பொதுத்தேர்வில் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணையும் வகுப்பின் நிலையையும் அறிக்கையில் ஒரு வரியாகக் குறிப்பிடும்படி கேட்டுக்கொள்ளலாம்.

படி 8: தொடர்ந்த ஆர்வத்தைத் தெரிவிக்கும் கடிதம்

கல்லூரி ஏற்றுக்கொள்கிறது என்றால், இதை ஜனவரி நடுப்பகுதிக்கும் பிப்ரவரி தொடக்கத்துக்கும் இடையே அனுப்புவது பொருத்தம். கல்லூரி தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியே கணக்கு. முடிவு வந்த வாரத்திலேயே அனுப்பினால் சொல்வதற்குப் புதிதாக எதுவும் இருக்காது. முந்நூறிலிருந்து நானூறு சொற்கள் போதும். எழுதுபவர் மாணவர், கையெழுத்தும் குரலும் அவருடையவை. தந்தை எழுதிய கடிதத்தை, ஆயிரக்கணக்கில் படித்துப் பழகியவர்கள் இரண்டாவது வரியிலேயே கண்டுகொள்வார்கள்.

கடிதத்தில் முதலில் வர வேண்டியது நன்றியும் விருப்பமும். 'அனுமதி கிடைத்தால் நிச்சயம் சேர்வேன்' என்பது உண்மையானால் அப்படியே எழுதலாம். அது எடையுள்ள வாக்கியம். உண்மை இல்லையென்றால், பலருக்கும் அதே வாக்கியத்தை எழுதி அனுப்புவது தவறு. 'என் முதன்மையான விருப்பங்களுள் ஒன்று' என்று எழுதினால் போதும். ஆர்வத்துக்கு அந்தக் கல்லூரி எவ்வளவு மதிப்புத் தருகிறது என்பதை ஆண்டுதோறும் வெளியாகும் காமன் டேட்டா செட் ஆவணத்தின் சி7 பகுதியில் பார்க்கலாம். சில கல்லூரிகள் அதைக் கருதுவதே இல்லை என்று அங்கேயே குறித்திருக்கும்.

அடுத்து வர வேண்டியது நவம்பருக்குப் பின் நடந்தவை. இதுதான் கடிதத்தின் உயிர். ஒரு மாணவி ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் சிறுவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய விண்ணப்பத்தில் அது ஏற்கெனவே ஒரு வரியாக இருக்கிறது. கடிதத்தில், 'நான் தொடர்ந்து நூலகத்தில் கற்பித்து வருகிறேன். இதனால் தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன்' என்று எழுதினால் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. மாறாக, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரிது என்று திரும்பத் திரும்பச் சொன்னதையும், அதற்காகத் தாளை மடித்து வண்ணமிடும் ஒரு பயிற்சியை டிசம்பரில் அவளே உருவாக்கியதையும், மூன்றாக மடிப்பது சிறு கைகளுக்கு வரவில்லை என்பதைக் கண்டு தாளுக்குப் பதிலாக நூலுக்கு மாறியதையும், நூலகர் அந்தப் பயிற்சியை இன்னொரு கிளைக்கும் கேட்டு வாங்கிக்கொண்டதையும் ஐந்து வாக்கியங்களில் எழுதட்டும். அந்தப் பெண் எப்படி யோசிக்கிறாள் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். பரிசு பெற வேண்டும், மாநில அளவில் வெல்ல வேண்டும் என்பதெல்லாம் இல்லை. தங்கையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் பொறுப்பு கூடியது, கடையில் பகுதிநேர வேலை ஏற்றது, பாட்டியின் நோய்க்காலத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டது ஆகியவையும் சொல்லத்தக்க செய்திகளே.

மூன்றாவதாக, கல்லூரியோடு உள்ள பொருத்தம். 'உலகப் புகழ்பெற்ற உங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பது சிறு வயது முதலே என் கனவு' என்ற வாக்கியத்தில் கல்லூரியின் பெயரை மாற்றினால் எங்கும் அனுப்பலாம்; ஆகவே அது எங்கும் பயன்படாது. மேலே சொன்ன மாணவி, கணிதக் கல்வியைப் பற்றி அந்தக் கல்லூரியில் நடக்கும் ஒரு குறிப்பிட்ட பாடத்தையோ ஆய்வையோ படித்துப் பார்த்து, தன் பின்னப் பயிற்சியில் விடை தெரியாமல் நிற்கும் கேள்வியோடு அதை இணைத்து எழுதலாம். முதல் விண்ணப்பத்தில் சொன்னதையே மீண்டும் சொல்லாமல் பார்த்துக்கொள்ள, பழைய கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

மனக்குறை, முடிவைப் பற்றிய விவாதம், இடம் கிடைத்த வகுப்புத் தோழருடன் ஒப்பீடு, மற்றக் கல்லூரிகள் அனுமதி தந்துவிட்டன என்ற தகவல் ஆகியவற்றுக்குக் கடிதத்தில் இடமில்லை. கெஞ்சுவதும் வேண்டாம். எழுதிய பின் ஒரு நாள் கழித்து உரக்கப் படித்து, கவுன்சிலரிடம் ஒரு முறை காட்டி, அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும். ஒரு கடிதம் போதும். வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் இருக்கும் நல்லெண்ணமும் குறையும்.

படி 9: கூடுதல் பரிந்துரையும் தேர்வு மதிப்பெண்ணும்

கல்லூரி அனுமதித்தால் மட்டும், அதுவும் முந்தைய இருவர் சொல்லாத ஒன்றைச் சொல்லக்கூடிய ஒருவர் இருந்தால் மட்டும், மூன்றாவது பரிந்துரை பயன்படும். பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியரோ ஆய்வுக்கு வழிகாட்டியவரோ பொருத்தமானவர்கள். பிள்ளையைச் சந்தித்தே இராத பெரிய பதவியாளரிடம் தெரிந்தவர் மூலம் கடிதம் வாங்குவது நம் பக்கத்துப் பழக்கம். இங்கே அதற்கு மதிப்பில்லை. டிசம்பரில் எழுதிய, கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் (SAT) தேர்வில் மதிப்பெண் தெளிவாக உயர்ந்திருந்தால் அனுப்புங்கள். பத்து, இருபது புள்ளிகளுக்காக மீண்டும் எழுதுவதைவிடப் பாடங்களில் அந்த நேரத்தைச் செலவிடுவது மேல். கவுன்சிலருக்கு அந்தக் கல்லூரியின் சேர்க்கை அலுவலரோடு பழக்கம் இருந்தால், விண்ணப்பத்தில் ஏதேனும் ஆவணம் விடுபட்டிருக்கிறதா என்று கேட்டுச் சொல்லும்படி அவரிடம் வேண்டலாம்.

படி 10: காத்திருப்பும் மே மாதமும்

பிப்ரவரி நடுப்பகுதிக்குப் பின் மாணவர் செய்யக்கூடியது அதிகம் இல்லை. ஒவ்வொரு போர்ட்டலையும் வாரம் ஒரு முறை பார்த்து, எல்லா ஆவணங்களும் வந்து சேர்ந்தனவா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பல கல்லூரிகள் மாணவரின் மின்னஞ்சலுக்கே எழுதுகின்றன; குப்பை அஞ்சல் பெட்டியையும் பாருங்கள். இதற்கிடையே முதலில் அனுமதி தந்த கல்லூரிகளைப் பற்றி வீட்டில் உற்சாகத்தோடு பேச வேண்டும். அந்த வளாகத்தைப் பார்க்கப் போகலாம், அங்கே படிக்கும் தெரிந்த பிள்ளையோடு பேச வைக்கலாம். அதை இரண்டாம்பட்சமாகவே பேசிக்கொண்டிருந்தால், ஆகஸ்டில் அங்கேயே சேரும் பிள்ளை தோற்றுப்போன உணர்வோடுதான் போகும்.

மார்ச் இறுதிக்குள் ஏறத்தாழ எல்லா முடிவுகளும் வந்துவிடும். ஒத்திவைத்த கல்லூரி அனுமதி தந்தால், உதவித்தொகைக் கடிதத்தை மற்றவற்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே முடிவெடுங்கள். டிசம்பரில் முதல் விருப்பமாக இருந்தது ஏப்ரலில் அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. காத்திருப்போர் பட்டியலில் வைத்தால், அதில் தொடரலாம். ஆனால் மே 1-க்குள் வேறொரு கல்லூரியில் முன்பணம் கட்டி இடத்தை உறுதிசெய்துவிட வேண்டும். இரண்டு கல்லூரிகளில் ஒரே நேரத்தில் இடம் பிடித்துவைப்பது விதிமீறல். கண்டுபிடிக்கப்பட்டால் இரண்டையும் இழக்க நேரிடலாம். சேரப்போவதில்லை என்று முடிவான கல்லூரிகளுக்குப் போர்ட்டலில் உடனே தெரிவித்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் வேறொரு பிள்ளைக்கு அந்த இடம் போகும். இந்தியாவிலிருந்து செல்பவர்கள் முன்பணம் கட்டியவுடனேயே வங்கிக் கணக்கு ஆவணங்களை அனுப்பி ஐ-20 படிவத்தைக் கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் எஃப்-1 மாணவர் விசா நேர்காணலுக்கு முன் அது கையில் இருக்க வேண்டும். இரண்டாம் பருவப் படிப்பையும் கைவிட முடியாது: பள்ளி முடிந்தபின் இறுதி டிரான்ஸ்கிரிப்ட், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு மதிப்பெண் பட்டியல், சேரும் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும், அதில் மதிப்பெண்கள் வெகுவாகச் சரிந்திருந்தால் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறும் உரிமையைக் கல்லூரிகள் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவைத்திருக்கின்றன.